படிக்காமல் அழுத்திய ‘ஆம்’

நாங்கள் மூக்குக்கண்ணாடிக்கான லென்ஸ் செய்கிறோம். கண் மருத்துவர் எழுதிக் கொடுத்த எண்ணுக்கு ஏற்ப வட்டக் கண்ணாடியைத் தேய்த்து, பாலிஷ் போட்டு, பூச்சு பூசி, சோதித்து, உறையில் போட்டுக் கடைகளுக்கு அனுப்புவோம். ‘செய்கிறோம்’ என்று பன்மையில் சொல்வது பழக்க தோஷம். பன்னிரண்டு வருடத்தில் நான் ஒரு லென்ஸைக்கூடத் தொட்டதில்லை. கைரேகை பதிந்துவிடும் என்று என்னை அந்தப் பக்கமே விடமாட்டார்கள். நான் கம்ப்யூட்டர் பிரிவு. பிரிவு என்றால் நான், ஒரு மேசை, மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. அந்த அறையில் நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். அதனால் என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் குனிந்துகொண்டே வருவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் என் அண்ணி, அதாவது என் அண்ணனின் மனைவி. “என் கொழுந்தன், நல்ல பிள்ளை, கம்ப்யூட்டர்ல எல்லாம் தெரியும், பொறுப்பா இருப்பாரு” என்று அவர் சொன்னவற்றில் முதல் இரண்டு சொல் மட்டும்தான் உண்மை. அப்போது அவர் தரச்சோதனைப் பிரிவில் இருந்தார். இப்போது பேக்கிங் பிரிவுக்குத் தலைவி.

அவர் இடம் மாறியதற்கு ஒரு காரணம் உண்டு. ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு பெரிய ஆர்டரில் இடது கண் லென்ஸும் வலது கண் லென்ஸும் தட்டுத் தட்டாக மாறிப் போயின. நாற்பது கண்ணாடிகள் கடைகளிலிருந்து திரும்பி வந்தன. அந்தத் தட்டுகளில் எல்லாம் கடைசியாக இருந்தது அண்ணியின் முத்திரை. பாலிஷிங் மேற்பார்வையாளர் அவரை எல்லார் முன்னிலையிலும் நிற்க வைத்துத் திட்டினார். அடுத்த வாரமே அண்ணியைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். வீட்டில் அண்ணி அதைப் பற்றிப் பேசியதேயில்லை. அண்ணன் பேச்செடுத்தால் எழுந்து போய்த் துணி மடிக்கத் தொடங்கிவிடுவார்.

அந்த மேற்பார்வையாளருக்குச் சங்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆலைச் சங்குக்கு நிகரான குரல். ஒருமுறை அவர் யாரையோ திட்டியபோது, ஷிப்ட் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கோட்டிங் பிரிவில் இரண்டு பேர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவரிடம் திட்டு வாங்காதவர்கள் தொழிற்சாலையில் கிடையாது. திட்டியதற்காக அவர் வருத்தப்பட்டு ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டவர்களும் கிடையாது.

எங்கள் கம்ப்யூட்டர்களில் இருந்த இயங்குதளம் பழையது. அதைத் தயாரித்தவர்கள், இனி இதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, புதியதற்கு மாறிக்கொள்ளுங்கள் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த அறிவிப்பு தினமும் காலையில் எல்லார் திரையிலும் எட்டிப் பார்க்கும். எல்லாரும் ‘பிறகு’ என்பதை அழுத்துவார்கள். நானும்தான். கடைசியில் ஒருநாள் மேலாளரின் திரையில் அது சிவப்பு நிறத்தில் வந்தது. என்னைக் கூப்பிட்டார்.

“எத்தனை நாள் ஆகும்?”

“ரெண்டே நாள் சார். சனி, ஞாயிறு. திங்கக்கிழமை காலையில வந்து உக்காந்தா எல்லாரும் புதுசுல வேலை பாக்கலாம்.”

“அவங்கவங்க ஃபைல் எல்லாம் அப்படியே இருக்குமா?”

“ஒரு எழுத்துகூட மாறாது சார்.”

‘இருக்கும் சார்’ என்று சொல்லியிருந்தால் போதும். கேட்டதற்கு மேல் ஒரு முழம் கூட்டி வாக்குக் கொடுப்பது என் பிறவிக் குணம். கல்யாணத்துக்கு முன் என் மனைவியிடம்கூட “கோபமே வராது” என்று சொல்லியிருக்கிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். முப்பத்தெட்டுப் பேருக்கு ஆளுக்கொரு பயனர் கணக்கு. வீட்டில் ஆளுக்கொரு அலமாரி இருப்பது மாதிரி. அவரவர் கடவுச்சொல், அவரவர் கோப்புகள், பேரப்பிள்ளையின் படம் போட்ட அவரவர் திரை. அதையெல்லாம் பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்கு ஆள் மாறாமல் கொண்டுபோய் வைக்க வேண்டும். தூக்கிச் செல்லும் வேலையை ஒரு மென்பொருள் செய்துவிடும். எது யாருடையது என்று அதற்குச் சொல்வது மட்டும் என் பொறுப்பு.

வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் ஒரு பிரதி எடுத்து வைத்தேன். ஊழியர்களுக்கு ஆறு பக்கத்தில் ஒரு கையேடும் எழுதி அச்சடித்துக் கொடுத்தேன். அதன் மூன்றாவது விதி தடித்த எழுத்தில் இருந்தது: ‘திரையில் ஏதாவது கேள்வி வந்தால் முழுவதும் படித்துவிட்டுப் பதில் சொல்லவும். படிக்காமல் ‘ஆம்’ என்று அழுத்த வேண்டாம்.’ அதை எழுதிவிட்டு நாற்காலியில் சாய்ந்து நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன்.

அத்தோடு நின்றிருக்கலாம். பழைய பயனர் பெயர்கள் வெறும் எண்களாக இருந்தன. பதினேழு, இருபத்தொன்று என்று. போகிற போக்கில் அதையும் அழகுபடுத்திவிடலாம் என்று ஆசை வந்தது. பிரிவின் முதல் ஆங்கில எழுத்து, அதன்பின் தகப்பனார் பெயரின் முதலெழுத்து, அதன்பின் சொந்தப் பெயரின் முதலெழுத்து. யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் கிளம்பும்போது என் மனைவி கேட்டாள்.

“நம்ம வீட்டு லேப்டாப்ப இதே மாதிரி மாத்துறேன்னு போன வருஷம் சொன்னீங்களே, அது என்ன ஆச்சு?”

“அது சின்ன வேலை. எப்ப வேணா செய்யலாம்.”

“அதான் பயமா இருக்கு. சின்ன வேலையே ஒரு வருஷமா நடக்குது.”

சனிக்கிழமை பத்தொன்பது பேரை மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் மீதியையும் முடித்துவிட்டேன். யாருமில்லாத தொழிற்சாலையில், இயந்திரச் சத்தமெல்லாம் அடங்கிய அமைதியில், மேசைக்கு மேசை நடந்து நானே பெரிய அறுவைச் சிகிச்சை நிபுணர் போல உணர்ந்தேன். நடுவில் ஒரே ஒருமுறை திரையில் ஏதோ பெட்டி வந்தது. நான்கு வரி இருக்கும். கையில் தேநீர். கீழே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு பொத்தான்கள். ‘ஆம்’ அழுத்தினேன்.

எல்லாம் முடிந்ததும் ‘37 கணக்குகள் வெற்றிகரமாக மாற்றப்பட்டன’ என்று வந்தது. முப்பத்தெட்டு அல்லவா என்று ஒரு கணம் உறுத்தியது. போன மாதம் ஓய்வு பெற்ற காவலாளியைப் பட்டியலிலிருந்து எடுத்திருப்பேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காவலாளியிடம் கம்ப்யூட்டரே இருந்ததில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

திங்கட்கிழமை காலை. ஒவ்வொருவர் மேசையிலும் ஓர் உறை. உள்ளே புதுப் பயனர் பெயரும், எல்லாருக்கும் பொதுவான ஒரு தற்காலிகக் கடவுச்சொல்லும். முதல் தடவை உள்ளே போனதும் அவரவர் தங்கள் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ள வேண்டும். வழக்கம்போல அண்ணிதான் முதலில் வந்தார். எட்டு மணிக்கெல்லாம் உள்ளே போய்க் கடவுச்சொல்லை மாற்றிவிட்டதாகக் கையசைத்தார். ஒவ்வொரு பிரிவாக எட்டிப் பார்த்தேன். எல்லாரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நடைபாதையில் கொஞ்சம் மெதுவாகவே நடந்தேன், யாராவது பாராட்ட நினைத்தால் வசதியாக இருக்கட்டும் என்று.

எட்டேகாலுக்குக் குரல் வந்தது.

“கம்ப்யூட்டர், இங்க வாங்க.”

சங்கு என்னை அப்படித்தான் கூப்பிடுவார். பாலிஷிங் கூடத்தின் ஓரத்தில் அவருக்கு ஒரு கண்ணாடித் தடுப்பு அறை. போனேன்.

“உங்க புதுசு என்னை உள்ளயே விடமாட்டேங்குது. கடவுச்சொல் தப்புங்குது. மூணு தரம் போட்டாச்சு.”

அவருடைய உறையை வாங்கிப் பார்த்தேன். என் பையிலிருந்த பட்டியலோடு ஒப்பிட்டேன். பட்டியலில் அவருக்கு இருந்த பயனர் பெயர், பத்து வரி தள்ளி இன்னொருவருக்கும் இருந்தது. பாலிஷிங்குக்கும் ‘பி’, பேக்கிங்குக்கும் ‘பி’. தகப்பனார் பெயருக்கு இருவருக்கும் ஒரே எழுத்து. சொந்தப் பெயருக்கும் ஒரே எழுத்து. அந்தப் பெட்டி என்ன கேட்டிருக்கும் என்று இப்போது புரிந்தது. ‘இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். இருவரையும் ஒன்றாக்கிவிடலாமா?’ நான் ஆகட்டும் என்று ஆசீர்வாதம் செய்திருக்கிறேன். சங்குவின் ஒன்பது வருடச் சாமான் மொத்தமும் அண்ணியின் அலமாரியில் போய் உட்கார்ந்திருந்தது. எட்டு மணிக்கு அண்ணி அதற்குப் புதுப் பூட்டும் போட்டுவிட்டார்.

பட்டியலை மடித்துப் பையில் வைத்தேன். வாய் தன்பாட்டுக்கு வேலை செய்தது.

“சிங்க் ஆயிட்டிருக்கு சார். கொஞ்ச நேரம் பிடிக்கும்.”

எங்கள் தொழிலில் இந்தச் சொல்லுக்கு எல்லையற்ற பயன் உண்டு. கேட்பவருக்கும் அர்த்தம் தெரியாது, சொல்பவரும் அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. சங்கு தலையாட்டினார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, அவரால் முடிந்த அளவு தாழ்ந்த குரலில் சொன்னார்.

“மத்ததெல்லாம் வராட்டியும் பரவாயில்ல. ஒரு ஃபைல் மட்டும் வந்தாகணும்.”

“பேர் சொல்லுங்க சார், முதல்ல அதைத் தேடி எடுக்குறேன்.”

“பேரெல்லாம் எதுக்கு? வந்துட்டா எனக்கே தெரியும்.”

அந்த நேரம் பார்த்து என் கைப்பேசி அடித்தது. அண்ணி.

“தம்பி, கொஞ்சம் பேக்கிங்குக்கு வந்துட்டுப் போங்க.”

குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. அண்ணியின் கோபத்தை நான் பார்த்திருக்கிறேன், சத்தமாக இருக்கும். இது வேறு.

பேக்கிங் கூடத்தில் பெண்கள் உறைகளில் லென்ஸைப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணி மூலையில் தன் மேசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தட்டினார். உட்கார்ந்தேன்.

திரையில் ஒரு கோப்பு திறந்திருந்தது. அதன் பெயர் ‘திட்டு’.

“என் திரையில கிடந்துது. லென்ஸ்ல விழுற திட்டுனு நினைச்சேன். கறை, புள்ளி இருக்கிறதெல்லாம் பட்டியல் போட்டு பாலிஷிங்ல இருந்து அனுப்பியிருக்காங்கன்னு திறந்தேன். அது அந்தத் திட்டு இல்ல, தம்பி.”

அது வசவுத் திட்டு. சங்கு யார் யாரை எப்போது திட்டினார் என்கிற பட்டியல். தேதி, யாரை, எதற்காக என்று மூன்று கட்டங்கள். நான்காவது கட்டத்தின் தலைப்பு ‘நியாயமா?’. அதில் ‘ஆம்’, ‘இல்லை’, ‘பாதி’ என்று ஏதாவது ஒன்று. ஐந்தாவது கட்டம் ‘சொல்லியாகிவிட்டதா?’. இருநூறுக்கு மேற்பட்ட வரிகளில் ஐந்தாவது கட்டம் எல்லாவற்றிலும் ‘இல்லை’. சில இடங்களில் ஓரத்தில் குறிப்பும் இருந்தது. ‘மதியம் சாப்பிடவில்லை.’ ‘மகளுக்குக் காய்ச்சலாம், எனக்குத் தெரியாது.’

“முழுசும் படிக்கல. என்னைப் பத்தி இருக்கிறது மட்டும் பாத்தேன். பதினோரு இடம். இதைப் பாருங்க.”

அண்ணி விரலை வைத்த வரி ஒன்பது வருடம் பழையது. ‘தரச்சோதனை. இடது வலது மாறியதற்காக, எல்லார் முன்னிலையிலும். நியாயமா: இல்லை. அவர் சரியாகத்தான் சோதித்து முத்திரை வைத்தார். தட்டுகளில் கறை தெரிந்ததால் நான் மறுபடி பாலிஷுக்கு எடுத்துப் போனேன். ஆள் குறைவு, நானே போட்டேன். திரும்ப அடுக்கும்போது மாற்றி அடுக்கியவன் நான். பத்து நாள் கழித்துத்தான் எனக்கே புரிந்தது. அதற்குள் அவரை மாற்றிவிட்டார்கள். சொல்லியாகிவிட்டதா: இல்லை.’

 வாயைத் திறந்தால் ‘சிங்க்’ என்று ஏதாவது வந்துவிடும்போல் இருந்தது.

“நான்தான் மாத்தியிருப்பேன்னு ஒன்பது வருஷமா நானே நம்பிட்டேன்” என்றார் அண்ணி. “வீட்டுல செருப்பு கழட்டும்போதுகூட இடது எது வலது எதுன்னு ஒரு தரம் பாத்துட்டுத்தான் வெப்பேன். உங்க அண்ணன் சிரிப்பாரு.”

பிறகு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துத் தட்டச்சு செய்யத் தொடங்கினார். தன்னைப் பற்றிய பதினோரு வரிகளிலும், ஐந்தாவது கட்டத்தில், ஒவ்வொன்றாக. பழைய வரியில் ‘சொல்லவில்லை. ஆனால் தெரிந்துவிட்டது’ என்று எழுதினார். இரண்டு வரிகளில், சங்கு ‘நியாயமா: இல்லை’ என்று போட்டிருந்த இடத்தில், ‘இதில் தப்பு என்னுடையதுதான், நீங்கள் திட்டியது சரி’ என்று எழுதினார். என் அண்ணி அப்படிப்பட்டவர். தனக்கு வரவேண்டியதைக் கேட்கும்போதும் அளவுக்கு மேல் ஒரு துளி எடுத்துக்கொள்ள மாட்டார்.

“இதை அவர்கிட்ட குடுங்க. நான் பாத்தேன்னும் சொல்லுங்க. எப்படி என்கிட்ட வந்துதுன்னும் சொல்லுங்க.”

“சரி அண்ணி.”

“நான் எழுதினதை அழிச்சுடாதீங்க.”

“சேச்சே.”

என் அறைக்கு வந்தேன். இரண்டு கணக்குகளையும் பிரிப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. வெள்ளிக்கிழமை எடுத்த பிரதி இருந்ததே. அதிலிருந்து சங்குவுக்குத் தனியாக ஒரு கணக்கு உருவாக்கினேன், இந்தமுறை எல்லாப் பெட்டிகளையும் வாய்விட்டுப் படித்து. அரை மணி நேரத்தில் முடிந்தது. இப்போது என்னிடம் ‘திட்டு’ இரண்டு இருந்தது. ஒன்று வெள்ளிக்கிழமைப் பிரதி, அண்ணி கைபடாதது. இன்னொன்று அண்ணி எழுதியது.

அண்ணி எழுதியதைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். எந்தக் கோணத்தில் யோசித்தாலும், முடிவில் நான் அந்தக் கண்ணாடி அறைக்குள் நின்றுகொண்டு, கூடமே வேடிக்கை பார்க்க, திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். இன்னொன்றைக் கொடுத்தால் ஒன்றுமே நடக்காது. அந்தச் சாக்கில் என் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்றும் தேடிப் பார்த்தேன். மூன்று இடத்தில் இருந்தது. முதல் இரண்டும் சாதாரணம். மூன்றாவது வரி இப்படி இருந்தது: ‘கம்ப்யூட்டர். பிரிண்டர் நான்கு நாள் ஓடாததற்கு. திட்டவில்லை. திட்டினால் அழுதுவிடுவார் போலிருந்தது.’

அதைப் படித்தபிறகு எனக்குத் துணிச்சல் வந்திருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். எனக்கு, மனிதர் என்னைச் சரியாகத்தான் கணித்திருக்கிறார் என்று தோன்றியது. வெள்ளிக்கிழமைப் பிரதியை அவர் கணக்கில் வைத்துவிட்டுப் போய், “ரெடி சார், புதுக் கடவுச்சொல் போட்டுக்குங்க” என்றேன்.

அவர் உள்ளே போனார். கோப்புகளை மேலும் கீழும் உருட்டினார். ஓரிடத்தில் நிறுத்தினார். நிம்மதியாக மூச்சு விட்டார்.

“நல்லா செஞ்சிருக்கீங்க, கம்ப்யூட்டர். தேங்க்ஸ்.”

பன்னிரண்டு வருடத்தில் முதல் நன்றி. ஏறக்குறைய நாற்பது நிமிடம் நான் அதில் மிதந்தேன். எனக்கு நிஜமாகவே நல்லது செய்துவிட்டதுபோல இருந்தது. இரண்டு பேருக்கும் மனக்கஷ்டம் இல்லாமல் பார்த்துக்கொண்டேன் அல்லவா என்று வாதாடிப் பார்த்தேன். வாதாடியவனும் நான், தீர்ப்புச் சொன்னவனும் நான். எளிதில் ஜெயித்தேன்.

மதிய உணவுக் கூடத்தில் அண்ணி என் எதிரில் வந்து உட்கார்ந்தார். இரண்டு மேசை தள்ளி சங்கு, தண்ணீர்க் குழாயைத் திறந்தபடி விட்டுப்போன யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். எப்போதும் போல.

“குடுத்துட்டீங்களா?”

“குடுத்துட்டேன் அண்ணி.”

“எதைக் குடுத்தீங்க?”

வாயில் வைத்த சோறு அப்படியே நின்றது. பொய் சொல்லக் கூசி அல்ல. பொய் சொல்வதற்குத் தண்ணீர் தேவைப்பட்டது. தண்ணீர் அண்ணி பக்கம் இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். திட்டவில்லை. டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

“பரவாயில்ல தம்பி. அவர் ஒன்பது வருஷம் எடுத்துக்கிட்டாரு. நீங்களும் எடுத்துக்குங்க.”

எழுந்து போய்விட்டார். கூடத்தில் சங்குவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அது எதுவும் காதில் விழவில்லை. வெளியே வந்து மனைவிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். அவளை எனக்குப் பதினாறு வருடமாகத் தெரியும். ஆனாலும் நினைத்தேன்.

“அண்ணி எழுதினதை எடுத்துட்டு வேற ஒண்ண குடுத்தீங்களா?”

“எடுக்கல. பத்திரமா வெச்சிருக்கேன்.”

“யாருக்காக?”

கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

“ஏங்க, சாயங்காலம் வீட்டுக்கு வர்றதுக்குள்ள முடிச்சுட்டு வாங்க. அண்ணன் இன்னிக்கு நம்ம வீட்டுக்கு வர்றாரு. அவர் முகத்த நான் எப்படிப் பாக்குறது?”

மூன்று மணிக்குப் பாலிஷிங் கூடத்துக்குப் போனேன். கண்ணாடி அறைக் கதவை நானே சாத்தினேன். சங்கு நிமிர்ந்து பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பயனர் பெயரை அழகுபடுத்தப் போனது, பெட்டியைப் படிக்காமல் அழுத்தியது, சிங்க் என்று புளுகியது, அண்ணி திறந்தது, எழுதியது, நான் அதை மறைத்து வேறொன்றைக் கொடுத்தது. சொல்லி முடித்ததும் திட்டு வாங்கத் தோதாகக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன்.

அவர் திட்டவில்லை. காதுமடல் வரை சிவந்துவிட்டது.

“எவ்வளவு படிச்சாங்க?”

“அவங்களைப் பத்தி இருக்கிறது மட்டும். பதினோரு வரி. மத்ததைத் தொடலைன்னு சொன்னாங்க. அவங்க சொன்னா அது அப்படித்தான் சார்.”

“நீங்க?”

“நானும் என்னைப் பத்தி இருக்கிறது மட்டும்தான்.”

“எத்தனை பாத்தீங்க?”

“மூணு.”

“இன்னிக்கதையும் சேத்தா நாலு” என்றார்.

அண்ணி எழுதிய பிரதியை அவர் கணக்கில் ஏற்றிக் கொடுத்தேன். அவர் படித்தார். நான் வெளியே போகட்டுமா என்று கேட்டேன். கேட்கவில்லை அவருக்கு. பழைய வரிக்கு வந்ததும் கையை வாயின்மேல் வைத்துக்கொண்டார். ‘நீங்கள் திட்டியது சரி’ என்ற இடத்தை இரண்டு முறை படித்தார்.

“சொல்லணும்னுதான் இருந்தேன்” என்றார், எனக்கா திரைக்கா என்று தெரியாமல். “முதல் வாரம் வெக்கமா இருந்துச்சு. அப்புறம் மேனேஜர் மாறிட்டாரு. அப்புறம் அவங்க பேக்கிங்ல நல்லா வந்துட்டாங்க, இப்ப போய்க் கிளறணுமான்னு தோணுச்சு. எழுதி வெச்சா மறக்காம சொல்லுவோம்னு எழுதி வெச்சேன். எழுதினதுமே சொல்லிட்ட மாதிரி ஆயிடுச்சு.”

காலையில் நாற்பது நிமிடம் நான் நடத்திய வாதாட்டம் ஞாபகம் வந்தது. அவருக்கு ஒன்பது வருடம் பிடித்த வேலையை நான் நாற்பது நிமிடத்தில் முடித்திருக்கிறேன். எங்கள் துறையின் வேகமே தனி.

அன்று மாலை வரை பாலிஷிங் கூடத்தில் சத்தமே இல்லை. இரண்டு பேர் என்னிடம் வந்து, சங்குவுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, வழக்கமாக எல்லாரும் கூடும் ஐந்து நிமிடக் கூட்டத்தில், மேலாளர் அன்றைய ஆர்டர்களைச் சொல்லி முடித்ததும் சங்கு முன்னால் வந்தார். கையில் ஒரு தாள். அண்ணி மூன்றாவது வரிசையில் நின்றிருந்தார்.

மென்மையாகப் பேச வேண்டும் என்று அவர் நினைத்திருப்பார். ஆனால் அவருக்கு இருப்பது ஒரே குரல். “ஒன்பது வருஷம் முன்னாடி நாப்பது கண்ணாடி மாறிப்போச்சே, அது இவங்க தப்பு இல்ல. நான் பண்ணினது. இவங்களை நிக்க வெச்சுத் திட்டினேன். அது அநியாயம். எல்லாரும் கேட்டுக்குங்க” என்று அவர் சொன்னது, கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கு அண்ணியை மறுபடி திட்டுவதாகத்தான் கேட்டிருக்கிறது. ஒருவர் பரிதாபமாகத் தலையை ஆட்டினார். மேலாளர் இடையில் புகுந்து தடுக்கப் போனார். சங்கு தாளைப் பார்த்து மீதியையும் படித்துவிட்டு, “மன்னிச்சுடுங்கம்மா” என்றார். அதற்கு ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.



“சரி சார். எனக்குக் காது நல்லா கேக்கும்” என்றார் அண்ணி. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேக்கிங் பக்கம் நடந்தார். பின்னாலேயே பேக்கிங் பிரிவுப் பெண்கள் எட்டுப் பேரும் போனார்கள்.

மேலாளர் என்னை அழைத்தார். மாற்றம் எப்படி முடிந்தது என்று எழுத்தில் கேட்டிருந்தார். நான் ஞாயிற்றுக்கிழமையே ‘திட்டமிட்டபடி நிறைவுற்றது’ என்று அனுப்பியிருந்தேன். அதைத் திருப்பிக் கொடுத்து, “இதைத் திருத்தி எழுதிட்டு வாங்க” என்றார். திருத்தி எழுதினேன். முதல் அறிக்கை ஒரு வரி. இரண்டாவது மூன்று பக்கம். அடுத்த சனிக்கிழமை முழுவதும் முப்பத்தெட்டுக் கணக்குகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்தேன். எல்லாருக்கும் பழைய எண்களையே பயனர் பெயராகத் திருப்பிக் கொடுத்தேன். யாருக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

அதன்பின் சில வாரங்களுக்கு, சங்கு ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவரைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். தனியே என்பது அவர் அகராதியில். என்ன சொன்னார் என்பது எல்லாருக்கும் கேட்டது. சிலர் சிரித்தார்கள். கோட்டிங் பிரிவில் ஒருவர் மட்டும், “இதைச் சொல்ல இவ்வளவு நாளா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சங்கு அதை ஏற்றுக்கொண்டார். திட்டுவது நிற்கவில்லை. ஆனால் திட்டிவிட்டுச் சிலசமயம் பாதி வழியில் நின்று யோசிப்பார்.

அண்ணியிடம் மேலாளர், தரச்சோதனைக்குத் தலைவியாக வருகிறீர்களா என்று கேட்டார். அண்ணி ஒரு வாரம் பதில் சொல்லவில்லை. அண்ணன் எவ்வளவோ சொல்லியும் பிடிகொடுக்கவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை, எதுவுமே நடக்காததுபோலத் தன் பையை எடுத்துக்கொண்டு போய்ச் சோதனை மேசையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் எனக்குப் போன்.

அங்கே இப்போது லென்ஸின் எண்ணை அளக்கப் புது மீட்டர்கள் இருந்தன. அண்ணிக்கு அவை வேண்டாம். அவர் பழகிய பழைய பவர் மீட்டர், ஒன்பது வருடமாகத் துணி போர்த்தி அலமாரிமேல் இருந்ததை இறக்கி, துடைத்து, கம்ப்யூட்டரில் செருகி வைத்திருந்தார். மீட்டரின் விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை.

“இது ஏன் தம்பி பேசமாட்டேங்குது?”

கேபிளைப் பார்த்தேன். மீட்டரின் பின்னாலிருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போய்த் தேடினேன். அந்த மீட்டருக்கான மென்பொருள் பழைய இயங்குதளத்தில் மட்டும்தான் ஓடும் என்று தெரிந்தது. எல்லாரையும் நான் எங்கிருந்து கிளப்பிக் கொண்டுவந்தேனோ அதே இயங்குதளம். ஆகவே இந்த ஒரு கம்ப்யூட்டரை மட்டும் வலைப்பின்னலிலிருந்து கழற்றி, மறுபடி பழையதற்கு மாற்ற வேண்டும்.

திரும்பி வந்து சொன்னேன். அண்ணி பொறுமையாகக் கேட்டார்.

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“பத்தே நிமிஷம் அண்ணி.”

அண்ணி பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பக்கத்து மேசையிலிருந்த செய்தித்தாளை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.